டிரைவர் பொண்ணு

ஜனவரி 6, திங்கள்

டூர் உண்டு! துறைத்தலைவர் எமல்டா மேடமே வகுப்புக்கு வந்து சொல்லிவிட்டார். தரங்கம்பாடி, பூம்புகார். பிப்ரவரி ஏழும் எட்டும்.

மூன்று வருடமாக இந்தத் துறையில் டூர் என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. முதல் வருடம் தஞ்சாவூர் என்றார்கள், மழை என்று நிறுத்தினார்கள். இரண்டாம் வருடம் வேதியியல் துறைப் பெண்கள் ஒகேனக்கலில் பாறைமேல் ஏறி ஃபோட்டோ எடுத்துப் போட்டார்கள் என்று மொத்தக் காலேஜுக்கும் தடை. வேதியியல் ஏறிய பாறைக்கு வரலாறு என்ன செய்யும்? கேட்டால் வாயாடி என்பார்கள்.

இந்த முறை நான்தான் டூர் செயலாளர். நஸ்ரின் என் பேரைச் சொன்னாள், எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். அவளுக்கு எனக்கு நல்லது செய்ய ஆசை, தனக்கு வேலை வரக்கூடாது என்றும் ஆசை.

ஒரே நிபந்தனை. போன வருடம் யாரோ அப்பா கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாளாம். அதனால் இனிமேல் அப்பாவோ அம்மாவோ நேரில் வந்து, துறைத்தலைவர் முன்னால் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் 30. நஸ்ரின் இப்போதே பஸ்ஸில் ஆடுவதற்குப் பாட்டு வரிசை எழுதுகிறாள்.

ஜனவரி 8, புதன்

எல்லாம் போச்சு.

இருட்டிய பிறகு நான் வீட்டுக்குள் நுழையும்போதே அப்பா வாசலில் நின்று சிரித்தார். "உங்க காலேஜு ட்ரிப்பு நம்ம வண்டிக்குத்தான் வந்திருக்குது கண்ணு. முதலாளி இப்பத்தான் சொன்னாரு. நான்தான் வர்றேன்."

திருச்செங்கோட்டில் டூர் பஸ் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! மேடம் கை அங்கேதான் போக வேண்டுமா?

காலேஜில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. விண்ணப்பத்தில் 'சுயதொழில்' என்று எழுதினேன். ஒளிப்பதற்காக எழுதவில்லை. ஓட்டுவது அவர்தானே, அந்த அர்த்தத்தில் எழுதினேன்.

அம்மா கேசரி கிண்டினாள். நான் சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

தமிழ்த்துறையில் காலேஜ் மலருக்கு 'என் பள்ளிச் சுற்றுலா' என்று கட்டுரை கேட்டிருக்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் மாய்ந்து மாய்ந்து எழுதுகிறார்கள். நானும் எழுதுகிறேன், மலருக்கு இல்லை, இங்கே.

ஐந்தாம் வகுப்பு, மேட்டூர் அணை. அப்பா ஓட்டும் பஸ்தான். கிளம்பும் முன்னால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பது என் வேலை. உட்காரும் இடம், டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மேல் இருக்கும் பெட்டி. கீழே மெத்தை போட்டாலும் சுடும். மற்ற பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகத் தோளில் கை போட்டுக்கொண்டு பின்னால். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி. யாராவது வாந்தி எடுத்தால் டீச்சர், "டிரைவர் பொண்ணு, அந்த கவர எடு" என்பார். ஐந்து வருடம் பாடம் எடுத்தவருக்கு என் பேர் தெரியாதா?

எட்டாம் வகுப்பு, ஊட்டி. ஹோட்டலில் எல்லோரும் முன்னால் உட்கார்ந்து சாப்பிட, எனக்கு அப்பாவோடு பின்னால் டிரைவர் அறையில். அங்கே பூரி இரண்டு அதிகமாக வரும், அது உண்மை. தாவரவியல் பூங்காவில் வகுப்பு ஃபோட்டோ எடுத்தபோது நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது டீச்சர் தலை எண்ணினார். "நாப்பத்தெட்டு. சரியா இருக்குதுங்கண்ணா, எடுங்க." நான் வெளியே கேரட் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த நாற்பத்தெட்டில் நான் கிடையாது, சீட்டு எண்ணிக்கையில்தான் நான் இல்லையே. அப்பாதான், "என்ற புள்ள வரலீங்க டீச்சர்" என்று வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாராம். எல்லோரும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பத்தாம் வகுப்பு, மாமல்லபுரம். அந்தத் தடவை பின்னால் போய் ஆடினேன். இரண்டு நிமிடம் இருக்கும். டிரைவர் தலைக்கு மேலே பெரிய கண்ணாடி ஒன்று இருக்குமே, அதில் அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டவில்லை, சிரிக்கத்தான் செய்தார். எனக்குக் கால் வரவில்லை. போய் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஆக, எல்லா டூருக்கும் போனவள் நான். ஒரு ஃபோட்டோவிலும் இல்லாதவளும் நான். இதை மலரில் போடுவார்களா?

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அப்பா, இந்த ட்ரிப்புக்கு வேற யாராச்சும் போகட்டுமே."

"ஏன் கண்ணு?"

"சும்மாதான். உங்களுக்கும் ஓய்வா இருக்கும்."

"ஊரார் புள்ளைங்களையெல்லாம் கூட்டிட்டுப் போறவன், என்ற புள்ளைய எவன்கிட்டயோ உட்டுப்போட்டு ஊட்டுல படுத்துக்கறதா? நல்லா இருக்குதே கதை!"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதைப் பார்க்க என்னால் முடியாது.

ஜனவரி 10, வெள்ளி

காலேஜில் பொங்கல் விழா. துறைக்கு ஒரு பானை. எங்கள் துறை அடுப்பு மட்டும் பற்றவே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் நஸ்ரினும் ஊதினோம். ஆங்கிலத் துறைப் பானை பொங்கி அவர்கள் குலவை போட்ட பிறகுதான் எங்கள் தண்ணீர் சூடானது.

எமல்டா மேடம் பக்கத்தில் வந்து நின்றார். "சிவரஞ்சனி, நீ அந்தப் பக்கம்தானே? இந்த பஸ் உங்க ஸ்கூல் டூருக்கெல்லாம் வந்திருக்குமே. டிரைவர் எப்படி? பொண்ணுங்களக் கூட்டிட்டுப் போறோம், அதான் கேக்குறேன்."

புகையில் கண் எரிந்தது. ஏதோ சொன்னேன். வேறு டிரைவரைப் போடச் சொல்வார்கள், அவ்வளவுதான். அப்பாவுக்கு இதைவிட நல்ல ட்ரிப் பழனி, சபரிமலை என்று ஆயிரம் வரும்.

எங்கள் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். எங்களுக்கு மாடு கிடையாது. அப்பா ஷெட்டுக்குப் போய் பஸ்ஸைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டுவிட்டு வந்தார். என்னையும் கூப்பிட்டார். தலைவலி என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

விடுமுறை முடிந்து இன்றுதான் காலேஜ். பஸ்ஸையே மாற்றிவிட்டார்கள்! நாமக்கல் வண்டியாம், புதிதாம், பாட்டுப் பெட்டி பிரமாதமாம். நஸ்ரின் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நான் ஆளை மாற்றத்தான் சொன்னேன். மேடம் பிரின்சிபாலிடம் சொல்லியிருக்கிறார், பிரின்சிபால் அப்பாவின் முதலாளிக்கே ஃபோன் போட்டுப் பேசியிருக்கிறார். இவ்வளவு பெரிதாக்குவார்கள் என்று யார் கண்டது?

போகட்டும். எனக்கு ஐந்தாவது வரிசை, ஜன்னல் சீட்டு. பட்டியலை நானே எழுதினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

நான் வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். நாலு மணிக்கு அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அம்மாதான் அடுக்களையில் வைத்துச் சொன்னாள். முதலாளி அப்பாவை டூர் வண்டியிலிருந்து இறக்கிவிட்டாராம். இனிமேல் நூல் மில்லுக்கு ஷிஃப்டு ஆள் ஏற்றும் வேன்தான். "ஏதோ காலேஜுல சொன்னாங்களாமா, உங்கப்பா குடிச்சுப்போட்டு வண்டி ஓட்டறாருன்னு. நாக்கு அழுகிப் போயிரும் அவங்களுக்கு." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

குடிப்பார் என்றுதான் சொன்னேன். இங்கே எழுதிவிட்டேன். 'குடிப்பாருன்னு சொல்லிக்குவாங்க மேடம்' என்று சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் உடனே மாற்றுவார்கள் என்று தோன்றியது. வேறு என்ன சொல்லி மாற்றச் சொல்வது? அவர் நன்றாக ஓட்டுவார் என்று சொல்லியா?

அப்பா குடித்து நான் பார்த்ததே இல்லை. சித்தப்பா கல்யாணத்தில் எல்லா ஆண்களும் கொட்டகைக்குப் பின்னால் போனபோது அப்பா மட்டும் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 23, வியாழன்

எங்கள் பழைய ஸ்கூலிலும் சொல்லிவிட்டார்களாம், ராசிபுரம் ஸ்கூலிலும் சொல்லிவிட்டார்களாம், அந்த டிரைவர் வேண்டாம் என்று. எப்படித்தான் பரவுகிறதோ. நல்ல செய்தி ஒன்று சொன்னால் நாலு நாளாகியும் பக்கத்து வகுப்புக்குப் போகாது.

அப்பா சாப்பிடும்போது கேட்டார். "உங்க காலேஜுல ஒரு புள்ளதான் சொல்லியிருக்குதாமா. ஆருன்னு உனக்கு ஏதாச்சும் தெரியுமா கண்ணு?"

"தெரியாதுப்பா."

"இருபத்தாறு வருசம் ஓட்டியிருக்கேன். ஒரு ஆட்டுக்குட்டிய அடிச்சதில்ல. அந்தப் புள்ள மூஞ்சிய ஒருக்காப் பார்க்கோணும். திட்டறதுக்கு இல்ல. நான் உனக்கு என்ன பண்ணுனேன்னு கேக்கோணும், அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. தட்டை ஓங்கி வைத்தேன், அம்மா திட்டினாள்.

ஜனவரி 25, சனி

இன்று சொல்லிவிடுவதாக இருந்தேன். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றத்துக்குக் காலேஜ் போனேன். மிட்டாய் கொடுத்தார்கள். இன்றும் சொல்லவில்லை. இன்று விருந்தாளிகளும் இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

சம்மதக் கடிதத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா சரி என்று நல்ல புடவை எடுத்து வைத்துவிட்டாள். பிழைத்தேன் என்று நினைத்தபோது அப்பா குறுக்கே வந்தார். "நீ எதுக்கு? நானே வர்றேன். எனக்கு மூணு மணி ஷிஃப்டுதான். அந்த மேடத்தையும் ஒருக்காப் பார்த்துப் பேசின மாதிரி ஆச்சு."

"அவங்ககிட்ட என்ன பேசப் போறீங்க? நான் அங்க படிக்கிறேன்ப்பா. உங்களால என் பேரு கெடும்!"

கத்திவிட்டேன். அப்பா தன் வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்தபடி, "மரியாதையாத்தான் பேசுவேன் சாமி" என்றார்.

ஜனவரி 30, வியாழன்

எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி மாற்றிவிடுவேன்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். துறை அறையில் எமல்டா மேடம் மட்டும் இருந்தார். "உக்காருங்க சார். சிவரஞ்சனி அப்பாவா? உங்க பொண்ணு ரொம்ப பொறுப்பு" என்று கடிதத்தை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தார்.

அப்பா உட்காரவில்லை. பேனாவையும் வாங்கவில்லை. "நானுங்க செங்கோடன். உங்க ட்ரிப்புக்கு முதல்ல பேசுன வண்டிய ஓட்டறவனுங்க."

மேடம் நிமிர்ந்தார். முதலில் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. கதவு பக்கத்தில்தான் இருந்தது.

"நான் குடிப்பேன்னு இங்க ஒரு புள்ள சொல்லியிருக்குதாமுங்க," என்றார் அப்பா. "ஆருன்னு எனக்குத் தெரியோணுமுங்க."

"மாணவி பேரை வெளியில சொல்ற வழக்கம் இல்லைங்க." மேடம் குரல் தணிந்திருந்தது. "நான் விசாரிச்சிருக்கணும். விசாரிக்காம விட்டது என் தப்பு."

"பேரு வேண்டாமுங்க. இவள ஒண்ணு கேளுங்க போதும்." அப்பா என் தோளில் கை வைத்தார். "சின்ன வயசிலிருந்து எல்லா டூருக்கும் எம்பக்கத்துலயே உக்காந்து வந்தவ. இவளுக்குத் தெரியாம நான் ஒரு பீடி குடிக்க முடியாது. இவளையே கேளுங்க. இவ சொல்றதக் கேட்டுப்போட்டு நீங்களே முதலாளிகிட்டப் பேசுங்க."

அவர் என்னைச் சாட்சிக்கு நிறுத்தினார். அவருக்கு இருந்த ஒரே சாட்சி நான்.

மேடம் என்னையே பார்த்தார். "சொல்லும்மா."

"அப்பா குடிக்க மாட்டார் மேடம்."

அப்பா தலையை ஆட்டினார். மேடம் பார்வையை எடுக்கவில்லை. அவர் எனக்காகக் காத்திருந்தார், நான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவரே பேச்சை அதோடு விட்டிருப்பார் என்றுகூட நினைக்கிறேன். அப்பாவின் கை தோளில் கனத்தது.

"நான்தான்ப்பா சொன்னேன்."

"எதை?" என்றார் அப்பா.

அவருக்குப் புரியவே இல்லை. இரண்டாம் தடவை முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது. குடிப்பார் என்று நான் சொன்னது, பொங்கல் விழாவன்று சொன்னது, வேறு டிரைவர் வரட்டும் என்று சொன்னது. 'நானும் மத்தவங்க மாதிரி ஒரு தடவ பின்னால உக்காந்து போகணும்னுதான்' என்று சொல்லும்போது எனக்கே அது எவ்வளவு அற்பமாகக் கேட்டது!

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தது எப்போது என்று தெரியவில்லை. அப்பா மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "ஷிஃப்டுக்கு நேரமாச்சுங்க. வர்றனுங்க."

கடிதம் கையெழுத்து இல்லாமல் மேசையில் கிடந்தது.

பிப்ரவரி 1, சனி

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செயலாளர் பொறுப்பு நஸ்ரினுக்குப் போய்விட்டது. "அம்மாவ வந்து கையெழுத்துப் போடச் சொல்லு, கடைசி நாளத் தள்ளித் தர்றேன், டூருக்கு வா" என்றார். வேண்டாம் என்றேன்.

முதலாளிக்கு அவரே ஃபோன் போட்டிருக்கிறார். ஒரு மாணவி தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று மட்டும் சொன்னாராம். முதலாளி, "வாயில சொன்னா ஆகாதுங்க, அந்தப் புள்ள கையால எழுதிக் காலேஜு சீல் வெச்சுக் கொடுங்க. ஸ்கூலுக்கெல்லாம் நான் அதைக் காட்டித்தான் இவரை மறுபடி வண்டியில ஏத்த முடியும்" என்றாராம்.

எழுதச் சொன்னார் மேடம். உங்கப்பாவிடம் காட்டிவிட்டுக் கொண்டு வா என்றார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆறாவது நாள். அப்பா என்னோடு பேசவில்லை. தட்டு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்கிறார். அம்மா இரண்டு பேரிடமும் பேசி ஓய்ந்து, இப்போது டிவியிடம் பேசுகிறாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

பஸ் காலையில் ஆறரைக்குக் கிளம்பிவிட்டது. நஸ்ரின் வீடியோ அனுப்பினாள். நாமக்கல் தாண்டும் முன்னாலேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஆசை இல்லை என்று எழுதினால் பொய். வீடியோவை நாலு தடவை பார்த்தேன். ஐந்தாவது வரிசை ஜன்னலில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

அப்புறம் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். மூன்று தாள் கிழித்தேன். நான்காவதில்தான் எல்லாம் வந்தது. நான் சொன்னது பொய், அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை, அவர் என் அப்பா, அவர் ஓட்டும் வண்டியில் என் வயதுக்கு எத்தனையோ ஊர் பத்திரமாகப் போய் வந்திருக்கிறேன், என் சுயநலத்துக்காகச் சொல்லிவிட்டேன். கீழே செ. சிவரஞ்சனி என்று கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடத்தில் காலேஜுக்கு நான் எழுதிய ஒரே உண்மையான தாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்பாவுக்கு இன்று காலை ஷிஃப்டு. மூன்று மணிக்கு வந்தார். கை கால் கழுவி உட்கார்ந்ததும் தாளை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்து மறுபடி மேலேயிருந்து படித்தார்.

"எழுத்து நல்லாருக்குது," என்றார். எட்டு நாள் கழித்து முதல் பேச்சு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஆனா இது ஆகாது கண்ணு."

"ஏன்ப்பா?"

"'அவர் என் அப்பா'ங்கறத எடுத்துரு. பேருக்கு முன்னால இன்ஷியலு இருக்குதே, அதையும் எடுத்துரு."

"அப்பா, நான் வேணும்னேதான் போட்டேன். எல்லாருக்கும் தெரியட்டும்."

"தெரிஞ்சா என்ன ஆகுமுன்னு யோசிச்சியா?" கோபமாகக் கேட்கவில்லை. ரூட்டு சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "யாரோ ஒரு புள்ள வெளையாட்டுக்குச் சொல்லிப்போட்டான்னா உட்டுருவாங்க. பெத்த மகளே சொல்லியிருக்கான்னா, அப்ப நெசந்தான், இப்ப அப்பனுக்காக மாத்தி எழுதறான்னு சொல்லுவாங்க. அப்புறம் ஒருத்தனும் என்கிட்ட வண்டி தரமாட்டான். ஷெட்டுல உன்ன 'பாப்பா'ங்கற பேருலதான் தெரியும். சிவரஞ்சனின்னா அவங்களுக்கு ஆரோ எவரோ. அப்படியே இருக்கட்டும்."

"மேடத்துக்குத் தெரியுமேப்பா."

"மேடத்துகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவங்க காட்டிக் கொடுக்க மாட்டாங்க."

நான் புதுத் தாள் எடுத்தேன். கை எழுதவில்லை. அப்பா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

"'அந்த ஓட்டுநர் யார் என்றே எனக்குத் தெரியாது'ன்னு எழுது."

எழுதினேன்.

"'நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.' அதையும் எழுது கண்ணு. அழுகாத, தாள் நனையுது."